மின்சுற்றும் மின்தடையும்: செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றி கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று பழைய வீடுகளில் வயரிங் வேலை பார்க்கிறேன். போகிற இடமெல்லாம் ஆச்சிகளும், விசேஷத்துக்காக ஊருக்கு வந்த பிள்ளைகளும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஏணியில் நின்றுகொண்டு பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

பேப்பரில் "நாளை மின்தடை" என்று போடுகிறார்களே, பாடப்புத்தகத்தில் வரும் மின்தடையும் அதுதானா?

இல்லை. பேப்பரில் வருவது கரண்ட் நிறுத்தம், பராமரிப்பு வேலைக்காக லைனை அணைத்துவிடுகிறார்கள். பாடப்புத்தகத்து மின்தடை கரண்டை நிறுத்தாது, ஓடுகிற கரண்டுக்கு ஒரு பொருள் கொடுக்கும் இடைஞ்சல் அது. அந்த இடைஞ்சலை ஓம் என்ற அளவில் சொல்கிறோம்.

இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் தடை என்றாலே கெட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இஸ்திரிப் பெட்டி, கீசர், பழைய குண்டு பல்பு எல்லாம் தடையை வைத்துத்தான் வேலை செய்கின்றன. அந்தத் தடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். இஸ்திரிப் பெட்டிக்குள் இருந்தால் துணி தேய்க்கலாம், அதே தடை நிலைக்கு மேலே போகிற ஜாயிண்டில் வந்து உட்கார்ந்தால் பர்மா தேக்கு கருகும். என்னைக் கூப்பிடுகிற பழுதுகளில் பெரும்பாலானவை தடை இருக்கக்கூடாத இடத்தில் வந்து சேர்ந்ததாலோ, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனதாலோ வந்தவைதான்.

சர்க்யூட் என்றால் என்ன, அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

கரண்டைத் தள்ளிவிட ஒரு மூலம், அது போய் வர ஒரு பாதை, நடுவில் வேலை செய்கிற ஒரு பொருள், திறக்கவும் மூடவும் ஒரு சுவிட்ச். வீட்டுக்கு என்றால் கூடவே பியூஸோ எம்சிபியோ (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து சுற்றைத் துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம். தமிழில் மின்சுற்று என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள், கிளம்பிய இடத்துக்கே கரண்ட் திரும்பியாக வேண்டும். தெருமுனை டிரான்ஸ்பார்மரில் இருந்து பேஸ் என்கிற வருகிற கம்பி வழியாக மீட்டருக்கு வந்து, சுவிட்ச் தாண்டி, பல்புக்குள் நுழைந்து, நியூட்ரல் என்கிற திரும்புகிற கம்பி வழியாக அதே டிரான்ஸ்பார்மருக்குப் போய்ச் சேர்கிறது. நம் வீட்டுக்கு வருவது ஏசி, நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஆடுகிறது, ஆனாலும் முழுச் சுற்று வேண்டும் என்பதில் மாற்றம் கிடையாது.

மேல்தொட்டி, பைப், தண்ணீர் என்று ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். நானும் சொல்வேன். ஆனால் ஓரிடத்தில் அது சறுக்கும்: பைப்பை அறுத்தால் தண்ணீர் கொட்டும், வயரை அறுத்தால் கரண்ட் கொட்டாது, அப்படியே நின்றுவிடும். சுவிட்ச் செய்வதும் இதைத்தான், சுற்றில் ஒரு சின்ன இடைவெளி விடுகிறது.

இன்னொன்று. சுவிட்ச் போட்டவுடன் பல்பு எரிவதால் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் மின்னல் வேகத்தில் ஓடுவதாக நினைக்கிறோம். 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரில் 5 ஆம்பியர் போனால் ஒரு எலக்ட்ரான் சராசரியாக நகர்வது நொடிக்குக் கால் மில்லிமீட்டர் அளவுதான். பிள்ளையார்பட்டித் தேர் வடத்தை முன்னால் நிற்பவர் இழுத்ததும் பின்னால் தேரின் பக்கத்தில் இருக்கிற வடமும் இறுகுகிறது அல்லவா, வடம் நகர்வது அடி அடியாக, இழுப்பு போய்ச் சேர்வது உடனே. அதைப் போலத்தான் இதுவும்.

வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் இந்த நாலும் எப்போதும் குழப்புகிறது

வோல்ட் என்பது தள்ளுகிற அழுத்தம், நம் வீட்டில் 230. ஆம்பியர் என்பது ஓடுகிற அளவு. ஓம் என்பது தடை. வாட் என்பது நொடிக்கு எவ்வளவு வேலை அல்லது சூடு என்பது. இரண்டே கணக்கு:

வோல்ட் = ஆம்பியர் × ஓம்
வாட் = வோல்ட் × ஆம்பியர்

முதல் கணக்கை 1827இல் புத்தகமாக வெளியிட்டவர் கியோர்க் சைமன் ஓம் என்ற ஜெர்மானியர், கொலோன் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வெவ்வேறு நீளக் கம்பிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பொறுமையாக அளந்து கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் அவர் ஊரில் மதிக்கவில்லை, 1841இல்தான் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. ஒரு வாத்தியார் கம்பியை வெட்டி வெட்டி அளந்ததை வைத்துத்தான் இன்றைக்கு நான் வீடு வீடாக வயர் சைஸ் சொல்கிறேன் என்பதில் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

இப்போது 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை எடுங்கள். 1000ஐ 230ஆல் வகுத்தால் 4.35 ஆம்பியர். 230ஐ 4.35ஆல் வகுத்தால் ஏறக்குறைய 53 ஓம், அதுதான் உள்ளே இருக்கிற காயிலின் தடை. 2000 வாட் கீசருக்கு அதே கணக்கைப் போட்டால் 26 ஓம்தான் வரும். இங்கேதான் எல்லாரும் முழிப்பார்கள், சூடு கூடுதலாகத் தருகிற கீசருக்குத் தடை ஏன் குறைவு என்று. அழுத்தம் 230 என்று நிலையாக இருக்கும்போது தடை குறைந்தால் கரண்ட் அதிகமாக ஓடும், அதனால் சூடு கூடும்.

ஆனால் ஒரே கரண்ட் வரிசையாக இரண்டு இடத்தைக் கடக்கும்போது நிலைமை தலைகீழ், எங்கே தடை அதிகமோ அங்கேதான் சூடு. சுவரில் இருந்து இஸ்திரிப் பெட்டி வரை 10 மீட்டர் வயர் என்றால் போக வர 20 மீட்டர், அதன் தடை கால் ஓம் கூட வராது. அந்த வயரிலும் அதே 4.35 ஆம்பியர்தான் போகிறது, ஆனால் 20 மீட்டர் நீளத்துக்கும் பரவி 5 வாட்டுக்கும் குறைவான சூடுதான். பெட்டிக்குள் 1000 வாட். அதனால்தான் துணி தேய்கிறது, வயர் கையில் பிடித்தால் குளுமையாக இருக்கிறது. இந்த இரண்டு வரியும் புரிந்துவிட்டால் கீழே வருகிற மீதி எல்லாம் சுலபம்.

தாமிரக் கம்பிக்கும் தடை உண்டா?

உண்டு. நீளம் கூடினால் தடை கூடும், கனம் கூடினால் குறையும், எந்த உலோகம் என்பதைப் பொறுத்தும் மாறும். வெள்ளிக்குத்தான் எல்லாவற்றிலும் குறைவு, அடுத்து தாமிரம். காயிலுக்குப் போடுகிற நிக்ரோம் என்ற உலோகக் கலவைக்குத் தாமிரத்தைப் போல 60 மடங்குக்கும் மேல். கடையில் வாங்குகிற தாமிர வயரில் 1 கிலோமீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் சுமார் 12 ஓம், 2.5 என்றால் 7.4, 4 என்றால் 4.6. சூடு ஏறினாலும் தடை ஏறும், தாமிரத்துக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வைத்தபடியே பெரிய லோடு போடக்கூடாது என்பதும் இதனால்தான், சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை.

பின்கட்டு மோட்டார் மட்டும் ஏன் முக்குகிறது? முகப்பில் வோல்டேஜ் சரியாகத்தான் இருக்கிறது

இது நம் ஊர் வீட்டுக்கே உரிய பிரச்சினை. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். மீட்டர் முகப்புத் திண்ணைப் பக்கம், கிணறோ போரோ பின்னால் தோட்டத்தில். வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி வயர் போக வேண்டும். 60 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், இதைவிட நீளமான வீடுகளும் உண்டு. போக 60, வர 60, ஆக 120 மீட்டர். வருகிற வயரைக் கணக்கில் சேர்க்க எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

1.5 வயர் ஓட்டியிருந்தால் இந்த 120 மீட்டருக்கு 1.45 ஓம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது சுமார் 7 ஆம்பியர் எடுக்கும், ஆக வழியிலேயே 10 வோல்ட் போய்விடும். அது கூடப் பரவாயில்லை. ஆனால் மோட்டார் கிளம்புகிற அந்த ஒரு நொடியில் ஓடுவதைப் போல ஐந்து மடங்கு கேட்கும், 35 ஆம்பியர். அப்போது வயரில் மட்டும் 50 வோல்ட் தொலைகிறது, மோட்டாருக்குக் கிடைப்பது 180. மோட்டாரின் இழுவை வோல்டேஜின் இருமடிக் கணக்கில் குறையும், 180க்கு 61 சதவீதம்தான் மிஞ்சும். தெருவிலேயே 200 வோல்ட்தான் வருகிறது என்கிற சாயங்கால நேரத்தில் 150தான் சேரும், இழுவை பாதிக்கும் கீழே. மோட்டார் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்று, காயில் கருகும்.

இதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் தடை 0.55 ஓம், கிளம்பும்போது இழப்பு 19 வோல்ட். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் மோட்டார் ஏறிவிடும்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு வருடத்தில் மூன்று முறை மோட்டாருக்கு ரீவைண்டிங் பண்ணியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் மோட்டாரைத்தான் குறை சொன்னார்கள். நான் போய் மோட்டாரைத் தொடவே இல்லை. ஆச்சியை மோட்டார்ப் பக்கம் வைத்த வோல்ட் மீட்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன், "தம்பி, 160க்கு இறங்கிருச்சு" என்றார்கள். மெல்லிய வயரை எடுத்துவிட்டு 4 போட்டதோடு சரி, அதற்கப்புறம் ரீவைண்டிங் இல்லை.

கல்யாணத்துக்குப் போடுகிற சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் ஏன் மொத்த வரிசையும் அணைகிறது, வீட்டு பல்பு போனால் மற்றவை எரிகிறதே?

பெயரிலேயே பதில் இருக்கிறது, சீரியல் என்றால் வரிசை இணைப்பு. ஒரே கரண்ட் எல்லா பல்பு வழியாகவும் போக வேண்டும், ஒன்றில் இழை அறுந்தால் பாதையே அறுந்தது. குட்டி பல்பு 40 கோத்த பழைய மாதிரி செட்டில் 230 வோல்ட்டை 40 பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், ஆளுக்கு 5.75 வோல்ட். அதனால்தான் 6 வோல்ட் பல்பை நேரடியாக வீட்டு லைனில் மாட்ட முடிகிறது.

இதில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. போன பல்பைப் பிடுங்கிவிட்டு அந்த இரண்டு முனையையும் முறுக்கி விடுவார்கள், வரிசை எரிந்துவிடும். ஒன்று இரண்டு என்றால் தெரியாது. பத்தைப் பிடுங்கினால் மிச்சம் 30 பல்புக்கும் ஆளுக்கு 7.7 வோல்ட். பளிச்சென்று எரியும், பார்க்க நன்றாக இருக்கும், அப்புறம் மறுவீடு முடிவதற்குள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். முறுக்கிய முனை மேல் ஒழுங்காக டேப்பும் சுற்றியிருக்காது. வளவுத் தூணில் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் அதைச் சுற்றி வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனது பதறும்.

வீட்டு வயரிங் பக்க இணைப்பு. ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனியாக 230 வோல்ட் கிடைக்கும், தனித்தனிச் சுற்று. ஒன்று போனால் மற்றதற்குக் கவலையில்லை. ஆனால் ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க மொத்தத் தடை குறைந்துகொண்டே போகும், மெயினில் கரண்ட் ஏறிக்கொண்டே போகும்.

லூஸ் காண்டாக்ட் என்று எல்லாப் பழுதுக்கும் சொல்கிறீர்களே, அது அவ்வளவு பெரிய விஷயமா?

என்னைக் கேட்டால் வீட்டில் இதைவிடப் பெரிய விஷயம் இல்லை. ஷார்ட் ஆனால் சத்தம் வரும், எம்சிபி விழும், உடனே தெரிந்துவிடும். லூஸ் காண்டாக்ட் சத்தமில்லாமல் எரிக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஸ்க்ரூ தளர்ந்த ஒரு பிளக் பாயிண்ட், அந்த இடத்தில் அரை ஓம் தடை வந்திருக்கிறது. கீசர் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கிறது. கரண்டை அதே கரண்டால் பெருக்கித் தடையால் பெருக்கினால் அந்த ஒரு புள்ளியில் ஏறக்குறைய 38 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். மூக்குக்கடலை அளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்குள், அதைவிடப் பெரிய சூட்டுக்கோலை வைத்து மூடியது மாதிரி.

அதைவிட மோசம், எந்தப் பாதுகாப்பும் இதைக் கவனிக்காது. வோல்டேஜ் குறைவது நாலு வோல்ட்தான், யாருக்கும் தெரியாது. தடை சேர்ந்ததால் கரண்ட் துளி குறையத்தான் செய்யும், அதனால் எம்சிபி விழ வாய்ப்பே இல்லை. சூடு ஏற ஏற உலோகம் கறுத்து ஆக்சைடு படிந்து தடை இன்னும் கூடும், சூடு இன்னும் கூடும். கண்டுபிடிக்க நம்மிடம் இருப்பது மூக்கும் கையும்தான். மீன் வாடை மாதிரி ஒரு கருகல் நாற்றம், சுவிட்ச் பிளேட் மஞ்சளாவது, பிளக்கைப் பிடுங்கினால் அதன் பின் (உலோகக் கால்) சுடுவது, பல்பு கண் சிமிட்டுவது. இதில் ஒன்று இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீட்டிலுள்ள எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கிவிடுவது ஒரு நாள் கூலிதான்.

அலுமினிய வயரைத் தாமிர வயரோடு முறுக்கிச் சேர்க்கலாமா?

வேண்டாம். அலுமினியம் தாமிரத்தில் 61 சதவீத அளவுக்குத்தான் கடத்தும், அது பிரச்சினை இல்லை, கனமாகப் போட்டால் சரியாகிவிடும். பிரச்சினை ஜாயிண்டில். அலுமினியத்தின் மேல் காற்று பட்ட உடனே படிகிற ஆக்சைடு கரண்டைக் கடத்தாது, அதோடு இரண்டு வேறு உலோகம் ஈரத்தில் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரித்துப்போகும். இந்த அரிமானம் பற்றி ஆராய்கிற பெரிய இடம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது, 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்து உருவான சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு உலோகத்துக்கும் என்று வருகிற பைமெட்டல் லக் போட்டுச் சேர்க்க வேண்டும்.

ஃபேனை மெதுவாக வைத்தால் கரண்ட் மிச்சமாகுமா?

ரெகுலேட்டரைப் பொறுத்தது. பெரிய கறுப்புப் பெட்டி, உள்ளே கம்பிச் சுருள் என்றால் மிச்சம் ரொம்பக் குறைவு, ஃபேனுக்குப் போகாத சக்தியில் பெரும்பங்கு அந்தச் சுருளில் சூடாகப் போகிறது, தொட்டுப் பார்த்தாலே தெரியும். இப்போது வருகிற சின்ன ரெகுலேட்டரில் கண்டன்சரோ எலக்ட்ரானிக் சுவிட்சோ இருக்கிறது, அவை சூடாக வீணாக்குவதில்லை, மெதுவாக வைத்தால் நிஜமாகவே மிச்சம்.

குண்டு பல்பு எப்போதும் சுவிட்ச் போடுகிற நேரத்தில்தான் போகிறது, ஏன்?

100 வாட் பல்பு எரியும்போது இழை 2500 டிகிரிப் பக்கம் இருக்கும், தடை 529 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதனால் சுவிட்ச் போட்ட கணத்தில் வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேலான கரண்ட் பாயும், இழை மெலிந்திருந்தால் அங்கே அறுந்துவிடும்.

எல்இடி பல்பு அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது, பேய் மாதிரி இருக்கிறது என்கிறார்கள்

பழைய வீட்டில் பெரும்பாலும் சுவிட்சை பேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். அணைத்தாலும் ஹோல்டரில் 230 இருந்துகொண்டே இருக்கும், ஈரச்சுவர் வழியாகவோ பக்கத்து வயர் வழியாகவோ கசிகிற துளிக் கரண்டே எல்இடிக்குப் போதும். குண்டு பல்பு இருந்தவரை அந்தத் துளி கண்ணுக்குத் தெரியவில்லை. எல்இடி நமக்கு நல்லதுதான் செய்திருக்கிறது, அணைத்துவிட்டோம் என்று நம்பி பல்பை மாற்றுகிறவருக்கு ஷாக் அடிக்கிற வயரிங் அது. உடனே மாற்றுங்கள்.

டெஸ்டரை விரலால் தொட்டுத்தானே பார்க்கிறோம், அப்போது ஏன் ஷாக் அடிக்கவில்லை?

கரண்ட் நம் உடம்பு வழியாகத்தான் போகிறது. ஆனால் டெஸ்டருக்குள் நியான் விளக்கோடு வரிசையாக ஒரு பெரிய மின்தடையம் இருக்கிறது, 10 லட்சம் ஓம் என்று வைத்தால் ஓடுவது 0.23 மில்லி ஆம்பியர். விளக்கு எரிய அது போதும், நமக்கு உறைக்காது. அந்தக் குட்டித் தடைதான் உயிரைக் காப்பாற்றுகிறது, அதனால் தண்ணீரில் விழுந்த டெஸ்டர், உடைந்த டெஸ்டர் எதையும் நம்பக்கூடாது.

ஈரக் கையோடு தொடாதே என்பது நிஜமாகவே அவ்வளவு முக்கியமா?

காய்ந்த தோலுக்குப் பல பத்தாயிரம் ஓம் தடை உண்டு. நனைந்தால் ஆயிரம் ஓம் அளவுக்கு விழுந்துவிடும். 230ஐ ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர், 100 மில்லி ஆம்பியரே இதயத்தை நிறுத்தப் போதுமானது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையைக் கழுவிவிட்டு வெறும் காலோடு நின்று மிக்ஸி சுவிட்சைத் தொடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. கை மட்டும் காய்ந்திருந்தால் போதாது, காலும் காய்ந்திருக்க வேண்டும். மீட்டர் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்கிற கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் போடுங்கள். பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும், வித்தியாசம் வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும்.

எர்த் குழி தாத்தா காலத்திலேயே போட்டிருக்கிறது, அப்புறம் ஏன் பிரிட்ஜைத் தொட்டால் சுரீர் என்கிறது?

எர்த்தும் சுற்றில் ஒரு பகுதி என்பதை யாரும் நினைப்பதில்லை. பிரிட்ஜ் பாடியில் பேஸ் பட்டுவிட்டால் கரண்ட் எர்த் வயர் வழியாகக் குழிக்கு இறங்கி, மண்ணுக்குள்ளே பயணப்பட்டு, டிரான்ஸ்பார்மரின் எர்த்தில் ஏறித் திரும்ப வேண்டும். அந்த மண்ணுக்கும் ஓம் கணக்கு உண்டு.

குழி 5 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கம் 1 ஓம் என்றால் 230ஐ 6ஆல் வகுக்க 38 ஆம்பியர், 16 ஆம்பியர் எம்சிபி கொஞ்ச நேரம் எடுத்தாவது விழும். இப்போது நம் ஊர் நிலத்தை யோசியுங்கள், செம்மண்ணும் சரளையும், பங்குனி சித்திரையில் தண்ணீர் என்பதே கிடையாது. குழியில் போட்ட உப்பு வருடக்கணக்கில் கரைந்து போயிருக்கும், கரி காய்ந்து கிடக்கும். கோட்டையூரில் ஒரு வீட்டில் சித்திரை மாதம் எர்த் டெஸ்டர் வைத்து அளந்தபோது 60 ஓமுக்கு மேல் காட்டியது. 60 என்றே வைத்தால் 230ஐ 61ஆல் வகுக்க 3.8 ஆம்பியர்தான். எம்சிபி அசையாது. பிரிட்ஜ் பாடியில் 226 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும், 800 வாட்டுக்கு மேல் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும், அதுவும் மீட்டரில் ஓடும். திடீரென்று பில் கூடிவிட்டது என்று கூப்பிட்ட ஒரு வீட்டில் காரணம் இதுதான்.

குழிக்கு வாரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். புதுக் குழி போடுவதானால் வளவு முற்றத்து மழைத்தண்ணீர் வெளியேறுகிற பக்கமாக, ஈரம் நிற்கும் இடத்தில் போடுங்கள். ஆர்சிசிபி இருந்தால் 60 ஓம் குழியிலும் விழும் என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பி எர்த்தை விட்டுவிடாதீர்கள், அதுவும் ஒரு இயந்திரம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள்.

தேக்கு ரீப்பரில் ஓட்டிய பழைய வயரிங் நன்றாகத்தானே இருக்கிறது, மாற்ற வேண்டுமா?

தேக்கு நன்றாக இருக்கும், தாமிரமும் நன்றாக இருக்கும். போனது மேலுறை. துணி சுற்றிய ரப்பர் வயர் இத்தனை வருடத்தில் காய்ந்து, வளைத்தால் பொடியாக உதிரும். மேலுறையும் ஒரு மின்தடைதான், இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டிய தடை. மேலுறையின் தடையை அளக்கிற 500 வோல்ட் மெகர் கருவியை வைத்து அளந்தால் குறைந்தது 10 லட்சம் ஓம் காட்ட வேண்டும். ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்த பிறகு அளந்து 10 ஆயிரம் ஓம் காட்டிய வீடுகள் உண்டு, அதில் கசிவே 23 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆர்சிசிபி 15க்கும் 30க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம், அதனால் "ஆர்சிசிபி போட்டதும் நிற்கவே மாட்டேன் என்கிறது, எடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். எடுக்க வேண்டியது வயரை.

ஆனால் தயவுசெய்து சுவரை வெட்டாதீர்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த பூச்சு அது, கண்ணாடி மாதிரி இருக்கிற அந்த வழவழப்பை சிமெண்டால் திரும்பக் கொண்டுவர முடியாது. அதே ரீப்பரை வைத்துக்கொண்டு அதன் மேல் புது வயர் ஓட்டலாம், மேல்மாடத் தளம் வழியாக பைப் கொண்டுபோகலாம். வேலை இரண்டு மடங்கு நாள் பிடிக்கும், ஆனால் சுவர் பிழைக்கும்.

மல்டிமீட்டர் வாங்கினால் நானே என்ன பார்க்கலாம்?

பிளக்கைப் பிடுங்கி வைத்த சாமானின் தடையைப் பார்க்கலாம். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் இரண்டு பின்னுக்கும் இடையில் 53 ஓம் பக்கம், 750 வாட் என்றால் 70 பக்கம் காட்ட வேண்டும். டயலைத் திருப்பி வைத்தும் எண்ணே வரவில்லை என்றால் பெரும்பாலும் காயிலோ வயரோ அறுந்திருக்கிறது. எர்த் பின்னுக்கும் மற்ற பின்னுக்கும் இடையில் ஏதாவது எண் காட்டினால் உள்ளே கசிகிறது, அதைத் திரும்ப மாட்டாதீர்கள். ஓம் அளவில் வைத்துக்கொண்டு கரண்ட் உள்ள பாயிண்டில் முள்ளை விடக்கூடாது, மீட்டரோடு கையும் போகும்.

மோட்டார் ஓடும்போதும் நிற்கும்போதும் பின்கட்டுப் பாயிண்டில் வோல்டேஜ் பார்த்து இரண்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், என்னைப் போல வருகிறவருக்கு அந்த இரண்டு எண்ணே பாதி வேலையை முடித்துவிடும். எர்த் குழியை மட்டும் மல்டிமீட்டரால் அளக்க முடியாது, அதற்குத் தனிக் கருவி உண்டு, கோடையில் கொண்டுவந்து அளக்கச் சொல்லுங்கள்.